தெற்கு வராந்தாவில் வெயில்

புல்லர்ட் என்ற ஆட்டுப்பண்ணைக்காரனைத் துப்பறிவாளர் ஏன் கைது செய்தார் என்று எனக்குப் புரியவே இல்லை. அந்த ஆஸ்திரேலிய நாவலை முழுக்க ஸ்பானிய மொழிக்குக் கொண்டுவந்தவள் நான். கொலைகாரன் எப்படி மாட்டினான் என்று எனக்கே தெரியாவிட்டால் வாசகருக்கு எப்படித் தெரியும்? திங்கட்கிழமை பிரதியைக் கொடுக்க வேண்டும். முடிவு சொதப்பினால் அந்த எழுத்தாளரின் அடுத்த நாவல் வேறொருவர் கைக்குப் போய்விடும்.

கடைசிப் பக்கம் இதுதான். கொலை நடந்த நேரத்தில் எங்கே இருந்தாய் என்று துப்பறிவாளர் கேட்கிறார். “வீட்டுத் தெற்கு வராந்தாவுலதான். ஜூலைக் குளிரு. உச்சி வெயில் இதமா மடியில விழுந்துச்சு, அப்படியே தூங்கிட்டேன்” என்கிறான் புல்லர்ட். உடனே கைவிலங்கு. கதை முடிந்தது.

அங்கே ஜூலை குளிர்காலம் என்பது எனக்குத் தெரியும். குளிருக்கு வெயில் காய்வது குற்றமா? எழுத்தாளருக்கு எழுதிக் கேட்டேன். “குழந்தைக்குக்கூடத் தெரியுமே!” என்று பதில் வந்தது. மறுபடி கேட்க மானம் இடம் கொடுக்கவில்லை.

சனிக்கிழமை மதியம், ஸ்பெயினில் எங்கள் ஊரான சரகோசாவில், வழக்கமான மதுக்கடையில் என் தம்பி ஃபெர்மினோடு உட்கார்ந்திருந்தேன். அவன் வீட்டுத் தரகன். வெளியே வாடைக்காற்று ஆளைத் தூக்கியது.

“ஒரு வீடு வந்திருக்குக்கா. தெற்குப் பார்த்தது. சனவரியிலயும் வெயில் உள்ள வரும், சட்டையக் கழட்டிட்டு உட்காரலாம். வடக்குப் பார்த்த வீட்ட எவன் வாங்குவான்? ஃபிரிட்ஜுக்குள்ள குடியிருக்கற மாதிரி.”

நான் கோப்பையைக் கீழே வைத்தேன். “டேய், ஆஸ்திரேலியாவுல நீ எந்தப் பக்கம் பார்த்த வீட்ட விப்ப?”

“இதென்ன கேள்வி? தெற்குதான்!”

“நிச்சயமா?”

தட்டிலிருந்த ஆரஞ்சை எடுத்தேன். மேல்பாதியில் ஒரு பல்குச்சி, அது நாங்கள். கீழ்ப்பாதியில் ஒன்று, அது புல்லர்ட். ஆரஞ்சை மேசைவிளக்கின் உயரத்துக்குத் தூக்கிப் பிடித்தேன். ஆரஞ்சு பூமி, விளக்கு சூரியன். மேல்குச்சி விளக்கைப் பார்க்க ஆரஞ்சின் வயிற்றுப் பக்கம், அதாவது பூமத்திய ரேகைப் பக்கம், திரும்ப வேண்டும். அதற்கு அது தெற்கு. கீழ்க்குச்சியும் வயிற்றுப் பக்கம்தான் திரும்ப வேண்டும். ஆனால் அதற்கு அது வடக்கு!

கடைக்காரி அம்பாரோ எட்டிப் பார்த்தாள். “நியேவெஸ், அதத் திங்கப் போறியா, இல்ல ஊசி வைத்தியம் பாக்கறியா?”

“அம்பாரோ, அவன் பொய் சொல்லிட்டான்! குளிர்காலத்துல அங்க தெற்கு வராந்தாவுல வெயிலே விழாது!” நான் கத்தியதில் பக்கத்து மேசைக்காரர் கையிலிருந்த குரோக்கெட்டா பலகாரத்தைத் தவறவிட்டார். யார் பொய் சொன்னது என்று தெரியாமலே கடை முழுக்கக் கைதட்டியது.

“அப்ப நான் அங்க வீடு விக்கப் போனா ஒரே மாசத்துல கடைய மூட வேண்டியதுதான்” என்றான் ஃபெர்மின். “சரி, பக்கத்துக்கு அடியில ஒரு குறிப்புப் போட்டுடேன்.”

“கைவிலங்கு மாட்டற நேரத்துல எவண்டா பூகோளப் பாடம் படிப்பான்?”

வாசகர் கடைசிப் பக்கத்துக்கு வரும்போது அது அவருக்கு ஏற்கெனவே தெரிந்திருக்க வேண்டும். படிப்பது தெரியாமலே படித்திருக்க வேண்டும். அன்றே எழுத்தாளரின் சம்மதத்தைக் கேட்டு வாங்கினேன். இரண்டாம் அத்தியாயத்தில், புல்லர்டின் மனைவி துணி துவைத்து முடிக்கும் இடத்தில், ஒரே ஒரு வரி சேர்த்தேன்: ‘குளிர்காலத்தில் வெயில் வடக்கு வராந்தாவுக்கு மட்டும்தான் வரும் என்பதால், ஈரத்துணியை அவள் அங்கே கொண்டுபோய்க் காயப்போட்டாள்.’