மாட்டின கை

பூசான் புதுத் துறைமுகத்தில் கன்டெய்னர் லாரி ஓட்டுகிறவர்களுக்கு ஒரு சாபக்கேடு உண்டு. லாரி வாங்குவது டிரைவர். தவணை கட்டுவது டிரைவர். எஞ்சின் மக்கர் பண்ணினால் தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு உட்காருவதும் டிரைவர்தான். ஆனால் முன்னால் மாட்டியிருக்கிற மஞ்சள் நம்பர் பிளேட் மட்டும் கம்பெனிக்குச் சொந்தம். சரக்கு ஏற்றும் உரிமை அந்தத் தகரத்துக்குத்தான், லாரிக்கு இல்லை. அதைக் கழற்றிவிட்டால் அவ்வளவு பெரிய வண்டியும் நின்ற இடத்தில் வெறும் இரும்பு. இப்படி ஒரு ஏற்பாட்டை யோசித்தவன் எவனோ, அவன் நன்றாகவே இருக்கமாட்டான்.

குவாங்சிக் இருபத்தேழு வருஷமாக வண்டியில் ஒரு கீறல் விழாமல் ஓட்டியவர். அதனால் கம்பெனி முதலாளி குக்கின் யார்டில் அவருக்குத் தனி மரியாதை. யார் புது லாரி எடுத்தாலும் பன்றித் தலை வைத்துப் படையல் போட்டு, சக்கரங்களில் அரிசிக் கள் ஊற்றியதும், பிளேட்டை மாட்ட அவரைத்தான் கூப்பிடுவார்கள். கைராசிக்காரர் என்று பெயர். அவர் மாட்டிய வண்டி எதுவும் கவிழ்ந்ததில்லை என்று டிரைவர்கள் நம்பினார்கள். அவரும் நம்பினார்.

ஒரு வசந்தத்தில், அதே யார்டில் ஓட்டுகிற போங்தேயின் புது லாரிக்கும் அவர்தான் மாட்டினார். போங்தே படையல் பன்றியின் வாயில் காணிக்கைப் பண நோட்டைச் செருகிவிட்டு ஓடி வந்து பக்கத்தில் குந்தினான்.

"அண்ணே, நல்லா முறுக்குங்க. நான் கிழவனாகிற வரைக்கும் கழலக் கூடாது."

"நீ இப்பவே அரைக் கிழவன்தானடா," என்று சொல்லிக்கொண்டே குவாங்சிக் பல்லைக் கடித்து இன்னொரு சுற்று இறுக்கினார்.

அதே வருஷம் குளிர்காலத்தில் வேலைநிறுத்தம் வந்தது. வாடகை இதற்குக் கீழே போகக்கூடாது என்று இருந்த சட்டம் அந்த வருஷக் கடைசியோடு முடிகிறது. அது போய்விட்டால் பழையபடி தூக்கத்தை விற்றுத்தான் சோறு தின்ன வேண்டும். எல்லோரும் லாரியை நிறுத்தினார்கள். குவாங்சிக்கும் நிறுத்திவிட்டு, துறைமுக வாசல் போராட்டக் கூடாரத்தில் போங்தேயோடு உட்கார்ந்து ஒரே சட்டியில் நூடுல்ஸ் தின்றார். போங்தே மைக்கைப் பிடித்தால் கடல் காற்றையும் மீறிக் கேட்கும்.

குக் முதலாளி ஆள் அனுப்பினார். முதலாளிக்கு வயது குறைவு; காரியம் ஆகவேண்டுமென்றால் 'அண்ணே' என்பார். அன்று காபியைத் தானே கலந்து கொடுத்தார்.

"அண்ணே, சட்டம் பேசறவன் பேசிட்டுப் போகட்டும். நீங்க நாளைக்கு வண்டியை எடுங்க. உங்க பிளேட்டுக்கு நான் பொறுப்பு."

"எடுக்கலேன்னா?"

"ஏன் அபசகுனமா பேசறீங்க? இன்னொண்ணு. மைக்கைப் பிடிச்சு எல்லாரையும் கிளப்பிவிடற அந்தப் போங்தேயோட பிளேட்டைக் கழட்டணும். ஆபீஸ் ஆளுங்க போனா அடிதடி ஆகும். நீங்க போனா ஒருத்தனும் குறுக்க வரமாட்டான்."

"நான் மாட்டினது, முதலாளி."

"அதத்தான் சொல்றேன். மாட்டின கைக்குக் கழட்டத் தெரியாதா?"

குவாங்சிக் காபியைக் குடித்து முடித்தார். ஐம்பத்தெட்டு வயது. லாரிக்கு இன்னும் பாதித் தவணை பாக்கி. இந்த வயதில் வேறு எந்தக் கம்பெனி பிளேட் கொடுக்கும்? நியாயம் எந்தப் பக்கம் என்று அவருக்குத் தெரியாமல் இல்லை. தெரிந்தேதான் ஸ்பேனரை எடுத்துக்கொண்டு போனார்.

யார்டில் போங்தேயின் லாரி தனியாக நின்றது. போல்ட் அசையவில்லை. அவரே முறுக்கியது, எப்படி அசையும்? வியர்த்துக் கொட்டியது. அதற்குள் யாரோ சொல்லிவிட்டார்கள் போலிருக்கிறது, போங்தே வந்து நின்றான். அடிப்பான் என்று எதிர்பார்த்தார். அடித்திருந்தால் தேவலை.

"நீங்களாண்ணே?"

"என்னை என்னடா பண்ணச் சொல்றே? எனக்கும் ஒரு லாரி இருக்கு."

"எனக்கும் இருந்துச்சு." ஸ்பேனர் வழுக்குவதைக் கொஞ்ச நேரம் பார்த்தான். "இடது போல்ட்டைத் தட்டிட்டு முறுக்குங்க. சும்மா வராது."

தட்டினார். கழன்றது. நாக்கைப் பிடுங்கிக்கொண்டு சாகலாம் போலிருந்தது அவருக்கு. சாகவில்லை. மறுநாள் விடிந்ததும் கன்டெய்னர் ஏற்றினார். கூடாரத்தைக் கடக்கும்போது ஒருவரும் முட்டை வீசவில்லை, முதுகைத் திருப்பிக்கொண்டார்கள்.

வேலைநிறுத்தம் பிசுபிசுத்துப் போயிற்று. சட்டமும் போயிற்று, வாடகையும் இறங்கிற்று. காபி மெஷின் பக்கம் குவாங்சிக் வந்தால் நின்றவர்களுக்கு ஏதாவது வேலை வந்துவிடும். போங்தேயின் பிளேட் ஒரு புது லாரிக்குப் போனபோது பன்றித் தலை வைத்தார்கள், கள் ஊற்றினார்கள். மாட்ட அவரைக் கூப்பிடவில்லை. அவர் தன் வண்டிக்குள் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு, தூங்குவதுபோல் கிடந்தார். அன்றிலிருந்து, தினமும் வண்டியை எடுக்குமுன் தன் பிளேட்டின் போல்ட்டுகளை ஒருமுறை இறுக்கிப் பார்க்கும் பழக்கம் அவருக்கு வந்தது.

கோடையில் முதலாளி மறுபடி கூப்பிட்டார். இந்த முறை காபி இல்லை.

"குவாங்சிக் டிரைவர், பிளேட் மொத்தத்தையும் சியோல்ல ஒரு பெரிய கம்பெனிக்குக் கொடுத்தாச்சு. அவங்களுக்குப் பிளேட் மட்டும் போதுமாம். லாரியும் ஆளும் அவங்ககிட்டயே இருக்கு."

'அண்ணே' போய் 'டிரைவர்' வந்தபோதே அவருக்குப் புரிந்துவிட்டது. இருந்தாலும் கேட்டார்.

"பொறுப்புன்னு சொன்னீங்களே?"

"சொன்னேன். கம்பெனி என் கையில இருந்த வரைக்கும் பொறுப்பாத்தானே பார்த்துக்கிட்டேன்?"

இப்படிச் சொல்லவும் ஒரு வாய் வேண்டுமே. அது முதலாளிக்கு இருந்தது.

யார்டுக்கு வந்தபோது ஆபீஸ் குமாஸ்தா அவர் லாரி முன்னால் குந்தி ஸ்பேனரோடு மல்லாடிக்கொண்டிருந்தார். போல்ட் இம்மியும் அசையவில்லை. டிரைவர்கள் தள்ளி நின்று பார்த்தார்கள். ஒருவரும் சிரிக்கவில்லை, ஒருவரும் கிட்டே வரவில்லை. போங்தே அந்தக் கூட்டத்தில் இல்லை. மீன் ஏலக்கூடத்தில் பெட்டி தூக்கப் போய் மாதக்கணக்காகிவிட்டது. அவனாவது நின்று பார்த்திருக்கலாம் என்று குவாங்சிக் நினைத்தார்.

"எந்தப் பாவி இப்படி முறுக்கி வச்சான்?" என்றார் குமாஸ்தா.

குவாங்சிக் பக்கத்தில் குந்தி ஸ்பேனரை வாங்கிக்கொண்டார்.

"இடது போல்ட்டைத் தட்டிட்டு முறுக்கணும்," என்றார். "சும்மா வராது."