இரண்டாவது கோப்பை

அன்று கொட்டகலையில், போன் பேசவும் இன்டர்நெட் பார்க்கவும் ஆட்கள் வரும் ஹமீதின் கொமியூனிகேஷன் கடையில் இருந்தவர்கள் இவர்கள்தான்: கடைக்காரர் ஹமீத், என் மகள் நிரூபா, தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறிக்கும் நாகலெட்சுமி, நிரூபாவுக்குப் பேசியிருந்த மாப்பிள்ளையின் பெரியப்பா அருளம்பலம், ஓய்வுபெற்ற பள்ளிக்கூட அதிபராகிய நான். தாங்களும் இருந்ததாகச் சொல்பவர்கள் வெளியே பஸ் தரிப்பில் மழைக்கு ஒதுங்கி நின்றவர்கள்.

2008ஆம் ஆண்டு, ஆனி மாதம். நிரூபா அட்டனில் தங்கி ஒரு நிறுவனத்தில் வேலை செய்தாள். மனம் சோர்ந்தவர்கள் தாங்களே கேட்டுத் தங்களைத் தேற்றிக்கொள்ள இன்டர்நெட்டில் ஒரு பக்கம் செய்துகொண்டிருந்தார்கள். வாசிக்கத் தெரியாதவர்களுக்கும் உதவ வேண்டும் என்று அதில் எழுத்தே வைக்கவில்லை. படத்தை அழுத்தினால் குரல் பேசும். குரல் நிரூபாவுடையது.

முதலில் அவள் கேள்விகளாகத்தான் பதிந்திருந்தாள். "ஒங்களுக்குத் தூக்கம் வருதா?" என்று குரல் கேட்டால், தோட்டத்துப் பெண்கள் "ஒண்ணுமில்லீங்க" என்று எழுந்து போனார்கள். தோட்டத்தில் கேள்வி கேட்பது ஆபீஸ். ஆபீசுக்கு யார் உள்ளதைச் சொல்வார்கள்? ஆகவே எல்லாவற்றையும் 'நான்', 'எனக்கு' என்று மாற்றிப் பதிந்தாள். கேட்பவர் தன் கதை என்று தோன்றும் இடத்தில் பச்சைப் படத்தை அழுத்த வேண்டும். அதற்குப் பிறகு என்ன செய்யலாம் என்று அது சொல்லித் தரும்.

எனக்கு அந்த வேலையில் விருப்பமில்லை. எங்கள் குடும்பத்தில் எவரும் மனம் சரியில்லை என்று சொன்னதில்லை. என் தம்பி பல வருடம் அறைக்குள்ளேயே கிடந்து இறந்தான். கேட்டவர்களுக்கெல்லாம் காய்ச்சல் என்றோம்.

அருளம்பலம் கொழும்பிலிருந்து ரயிலில் வந்திருந்தார். ஸ்டேஷனிலிருந்து அவரைக் கூட்டிக்கொண்டு வரும்போது மழை பிடித்தது. ஹமீதின் கடைக்குள் ஏறினோம். மகள் கம்பியூட்டரில் வேலை செய்வதை அவர் பார்க்கட்டும் என்ற நினைப்பும் எனக்கு இருந்தது.

நாகலெட்சுமி தலையில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். தன் பதிவை அவளுக்குக் கேட்கவைத்துச் சரிபார்த்தபடி நிரூபா பக்கத்தில் நின்றாள்.

"ஒரு பக்கந்தான் கேக்கும் தங்கச்சி," என்றார் ஹமீத். "வயரு அறுந்துபோச்சி."

"எனக்கும் ஒரு காதுதாங்க கேக்கும். ரெண்டுக்கும் சரியாப்போச்சு," என்றாள் நாகலெட்சுமி. பிறகு தகரத்தில் விழும் மழையை அண்ணாந்து பார்த்தாள். "இந்தச் சத்தத்துல அதுவும் கேக்கல மிஸ்."

ஹமீத் உதவி செய்வதாக நினைத்து ஹெட்போனைப் பிடுங்கிவிட்டு ஸ்பீக்கரைக் கூட்டிவைத்தார். நிரூபா கையை நீட்டித் தடுப்பதற்குள் அவளுடைய குரல் கடையை நிறைத்தது.

"ராத்திரியில எனக்குத் தூக்கமே வரல. யாருகிட்டயும் பேசப் புடிக்கல."

பஸ் தரிப்பில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

"தேத்தண்ணிய ரெண்டு கோப்பையில ஊத்துறேன். குடிக்க ஆளில்ல. ஒண்ணக் கொண்டுபோய்க் கொட்டிர்றேன்."

"அடியாத்தே! இம்புட்டையும் மனசுல வச்சிக்கிட்டா மிஸ் இப்பிடிச் சிரிச்சிக்கிட்டுத் திரியிறீங்க?" என்றாள் நாகலெட்சுமி.

"அது நான் இல்லக்கா. கேக்குறவங்களுக்காகச் சொல்றது."

"எனக்கு, எனக்குன்னு ஒங்க குரல்லதானே சொல்லுது!"

அருளம்பலம் குடையைக் கையில் எடுத்தார். "மாஸ்டர், பிள்ளைக்கு ஏதும் வருத்தமோ, சுகமில்லையோ? முதலே ஒரு சொல்லுச் சொல்லியிருக்கலாம்."

நிரூபா என்னைப் பார்த்தாள். உடனே பார்வையைத் தாழ்த்திக்கொண்டாள். ஒரு வார்த்தை சொன்னால் அவள் தப்பிவிடலாம். சொல்லவில்லை.

என் மனைவி யோகராணி இறந்த பிறகும் காலையில் என் கை இரண்டு கோப்பையைத்தான் எடுக்கிறது. ஆறிய தேநீரைப் பின்பக்கத்து வாழையடியில் ஊற்றிவிடுவேன். அது எவருக்கும் தெரியாது என்று இருந்தேன். சனி ஞாயிறுகளில் வீட்டுக்கு வரும் மகள் கண்டிருக்கிறாள். கேட்கவில்லை. எங்கள் வீட்டில் அப்படிக் கேட்கும் பழக்கம் இல்லை.

"அருளம்பலத்தார்," என்றேன். "பிள்ளைக்கு ஒண்டுமில்லை. ரெண்டு கோப்பையில ஊத்துறது நான். மனுசி போனாப் பிறகு எனக்குத்தான் நித்திரையும் இல்லை."

"நீங்களோ?"

"நான்தான்."

ஹமீத் ஸ்பீக்கரைக் குறைத்தார். நாகலெட்சுமி எழுந்து நாற்காலியைத் தன் முந்தானையால் துடைத்தாள். "அப்ப நீங்க உக்காருங்க சார். அந்தப் பச்சைய நீங்கதானே அமத்தணும்?"

உட்கார்ந்து அழுத்தினேன்.

"தெரிஞ்சவங்க ஒருத்தரக் கூப்புட்டு அந்த ரெண்டாவது கோப்பையக் குடுங்க," என்றது என் மகளின் குரல். யாரை என்று அது சொல்லவில்லை.

வீட்டுக்கு வந்து தேநீர் குடித்துவிட்டுப் போகலாம் என்று அருளம்பலத்தை அழைத்தேன். திரும்பும் ரயிலுக்கு நேரமாகிவிட்டது என்றார். போன் எடுத்துப் பேசுவதாகச் சொல்லிப் போனார். எடுக்கவில்லை. திங்கட்கிழமை நிரூபா அட்டன் பஸ்ஸில் ஏறினாள். கையசைத்தாள், நானும் அசைத்தேன். அந்தக் கோப்பையைப் பற்றி இருவரும் பேசவில்லை.

மழைக்கு ஒதுங்கியவர்கள் கேட்டது முதற் பாதி மட்டும். கடைக்குள் நான் சொன்னது மழைச் சத்தத்தில் அவர்கள் காதில் விழவில்லை. மாஸ்டருடைய மகளுக்கு மனவருத்தம், அதனால்தான் சம்பந்தம் முறிந்தது, அவளே கம்பியூட்டரில் அழுதிருக்கிறாள் என்று இன்றும் பஜாரில் கதைக்கிறார்கள்.

அது பொய். நிரூபாவுக்கு எந்த வருத்தமும் இல்லை. வருத்தம் எனக்கு. இன்று காலையும் இரண்டு கோப்பை வைத்தேன்.