மச்சினனுக்கு ஒரு பௌதிகப் புத்தகம்

பௌதிக வாத்தியார் மதராஸில் சர்க்கார் வேலை கிடைத்துச் சொல்லாமல் கொள்ளாமல் போய்விட்டார். வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஹெட்மாஸ்டர் வைத்தியலிங்கம், சரித்திர வாத்தியார் சங்கரராமனைக் கூப்பிட்டனுப்பினார்.

"திங்கக்கிழமையிலேர்ந்து அஞ்சாம் பாரத்துக்குப் பௌதிகம் நீரு எடும். ஆறாம் பாரத்தை நான் பாத்துக்கிடுதேன். பௌதிகம் என்ன வே, பிரம்ம வித்தையா?"

சங்கரராமன் தலையாட்டிவிட்டு வெளியே வந்தார். அசோகரையும் அக்பரையும் தூக்கத்தில் கேட்டாலும் சொல்வார். நெம்புகோலை எந்தப் பக்கம் பிடிப்பது என்று தெரியாது. அஞ்சாம் பாரத்துப் பையன்களோ பொல்லாதவர்கள். வாத்தியார் முழிக்கிறார் என்று தெரிந்துவிட்டால் அப்புறம் சரித்திர வகுப்பிலும் மானம் போய்விடும்.

சனிக்கிழமை விடிந்ததும் ரத வீதியில் மைதீன் பாட்சாவின் பழைய புத்தகக் கடை வாசலில் நின்றார்.

"பௌதிகத்தை அடியிலேர்ந்து படிக்க ஒரு புஸ்தகம் வேணும், பாய்."

"யாருக்கு சார்?"

அந்த இடத்தில் உண்மையைச் சொல்லியிருந்தால் கதை முடிந்திருக்கும். மனுஷனுக்கு வாய் வரவில்லையே. "மச்சினனுக்கு" என்றார்.

மைதீன் பாட்சா மெல்லிசாக ஒரு புத்தகத்தை நீட்டினார். முதல் பக்கத்தில் தராசு, அடுத்ததில் கிணற்று ராட்டினம். பார்த்ததுமே சங்கரராமனுக்கு ஆசையாக இருந்தது.

"ஒண்ணுந்தெரியாதவனுக்கும் இது வெளங்கும். மச்சினன் என்ன படிச்சிருக்காரு?"

ஒண்ணுந்தெரியாதவன் என்றது சுருக்கென்று தைத்தது. "அவன் கெட்டிக்காரன். இன்டர்மீடியட் பாசாயிட்டான்."

"அப்பம் அவருக்கு இது எதுக்கு?" மெல்லிசு உள்ளே போய், செங்கல் கனத்தில் ஒன்று வெளியே வந்தது.

வீட்டுக்கு வந்து பிரித்தால், அந்தச் செங்கல் புத்தகத்தின் முதல் வரியே 'முன்பே அறிந்தபடி' என்று ஆரம்பித்தது. இவர் எதையும் முன்பே அறிந்திருக்கவில்லை. உட்கார்ந்தார், எழுந்தார், முற்றத்தில் நடந்தார். சோறு இறங்கவில்லை.

"வெளங்கலன்னா மாத்திட்டு வரவேண்டியதுதான? இப்படி நடந்தா காலுதான் வலிக்கும்" என்றாள் மனைவி பிரம்மநாயகி. பொய் சொல்லி வாங்கியதை அவளிடம் எந்த முகத்தோடு சொல்வது?

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வெட்கம் பயத்திடம் தோற்றது. வேகு வேகென்று கடைக்கு நடந்தார்.

"பாய், மச்சினனும் இல்ல, ஒருத்தனும் இல்ல. எனக்குத்தான். எனக்கு ஒண்ணும் தெரியாது. அந்தச் சின்னப் புஸ்தகத்தைத் தாங்க."

மைதீன் பாட்சா தாடியைச் சொறிந்தார். "காலையிலதான் போச்சு சார். இருந்தது அது ஒண்ணுதான். உங்க ஹெட்மாஸ்டர் வாங்கிட்டுப் போனாரு."

"அவரா?"

"அவுக மச்சினனுக்காம்."

 சங்கரராமன் சிரிப்பை அடக்கிக்கொண்டு நேரே ஹெட்மாஸ்டர் வீட்டுக்குப் போனார். வைத்தியலிங்கம் பெஞ்சில் உட்கார்ந்து, ராட்டினப் படத்தை விரலால் சுற்றிச் சுற்றி எதையோ முனகிக்கொண்டிருந்தார். ஆளைக் கண்டதும் புத்தகத்தைத் துண்டுக்கு அடியில் தள்ளினார்.

"சார், உங்க மச்சினன் படிச்சு முடிச்சதும் எம் மச்சினனுக்குக் குடுப்பீங்களா?"

 ஹெட்மாஸ்டர் துண்டை விலக்கி, பெஞ்சில் ஒதுங்கி இடம் விட்டார்.

"அதுவரைக்கும் தாங்காது வே. காலையில கிளாஸ் இருக்குல்லா. கதவைச் சாத்திட்டு வந்து உக்காரும்."