முட்டுக் கொடுத்த மூங்கில்

பாடை கட்ட இரண்டு பச்சை மூங்கில் வேண்டுமென்று பக்கத்து வீட்டு வீரமலை கேட்டதுதான் தாமதம், ரெங்கராஜ் எழுந்து கொல்லைப்பக்கம் ஓடினார். தாலுகா ஆபீஸ் ரிக்கார்டு ரூமில் முப்பது வருஷம் இருந்துவிட்டு, போன வருஷம்தான் ரிட்டயர் ஆனவர். யார் எதைக் கேட்டாலும் யோசிக்காமல் உருவி நீட்டுவது கையோடு ஒட்டிவிட்ட பழக்கம். பாதி கட்டிய மாட்டுக்கொட்டகையில் சாய்ந்து நின்ற மூங்கில் ஒன்றை உருவினார். அடுத்ததையும் உருவினார். கூரை அந்த இரண்டின் மேல்தான் நின்றுகொண்டிருந்தது என்பது, அது அவர் முதுகை உரசிக்கொண்டு தரையில் இறங்கிய பிறகுதான் நினைவுக்கு வந்தது. முட்டுக் கொடுத்தவரும் அவரேதான்.

உள்ளே ஒப்பாரி ஒரு கணம் நின்று, பிறகு தொடர்ந்தது. செவலைப் பசு முருங்கை மரத்தில் கட்டியிருந்ததால் பிழைத்தது. தலையெல்லாம் கீற்றுத் தூசியோடு, இரண்டு மூங்கிலையும் விடாமல் பிடித்துக்கொண்டு ரெங்கராஜ் நின்ற கோலத்தைப் பார்த்து வீரமலை அந்தப் பக்கம் திரும்பி மூக்கைச் சிந்தினான். அவன் அழவில்லை என்பது ரெங்கராஜுக்குத் தெரியும். அவர் காது தன்னையறியாமல் கூடத்துப் பக்கம் போனது. இந்நேரம் கட்டிலிலிருந்து, "இப்ப எதைத் தள்ளினீங்க?" என்று ஒரு குரல் வந்திருக்க வேண்டும். வரவில்லை. மனைவி மயிலம்மாள் நேற்றுச் சாயங்காலம் நாலு மணிக்குப் போய்விட்டாள்.

போன ஐப்பசிப் புயலில் ஸ்ரீரங்கத்துப் பக்கத்து மேலூரில் முக்கால்வாசி வாழை படுத்தது. அவர்கள் வீட்டுக் கொட்டகையும் படுத்தது. அடுத்த வாரம் மயிலம்மாளும் படுத்தாள். புத்தூர் ஆஸ்பத்திரியில் பார்த்துவிட்டு, வீட்டுக்கே கூட்டிட்டுப் போங்க, கேட்டதைக் குடுங்க என்று சொல்லிவிட்டார்கள். அவள் ஆரஞ்சுப் பழம் கேட்பாள், திருப்பதி லட்டு கேட்பாள் என்று அவர் எதிர்பார்த்தார். கொட்டகையைக் கட்டுங்க, மாடு பனியில நிக்குது என்றாள்.

புயலுக்குப் பிறகு ஊரில் கொத்தனும் இல்லை, கூலியாளும் இல்லை. இடிந்த வீடுகளே வரிசையில் நிற்கும்போது மாட்டுக்கு யார் வருவார்கள்? ரெங்கராஜே வேட்டியை மடித்துக் கட்டினார். காலையில் சாணி அள்ளி, பால் கறந்து, அவளுக்கு முகம் துடைத்துக் கஞ்சி கொடுத்து, துணி அலசி, உலை வைத்துவிட்டுக் கொட்டகைக்குக் கால் நடக் குழி தோண்டப் போவார். குழி முழங்கால் ஆழம் போவதற்குள் சோறு அடிப்பிடித்துவிடும். சோற்றைக் கவனித்தால் குழியில் கோழி இறங்கிவிடும். ஒருநாள் தன் அவசரத்தில் மாட்டுக்குக் கஞ்சியையும், மயிலம்மாள் பக்கத்தில் தவிட்டு வாளியையும் வைத்துவிட்டு வந்தார்.

அவள் கட்டிலில் கிடந்தபடி காதாலேயே குடித்தனம் நடத்தினாள். உலை பொங்குவதை அவருக்கு முன்னால் அவள் கேட்டுவிடுவாள். சொம்பில் பால் விழுகிற சத்தத்தை வைத்து, "இன்னும் மடியில இருக்கு, எந்திரிக்காதீங்க" என்பாள். செவலை கொட்டகைக் காலில் முதுகைத் தேய்த்தால், "வடக்குக் கால் ஆடுது" என்பாள். போய்ப் பார்த்தால் ஆடும்.

முதலில் கூரை வரிச்சுகளையெல்லாம் கயிற்றால்தான் கட்டினார். ஃபைலுக்கு நாடா கட்டிய கை. அழகழகான சுருக்கு முடிச்சுகளாக வந்தன. மறுநாள் செவலை ஒரு நுனியைக் கவ்வி இழுத்தது. ஒரு பக்கம் முழுக்க அவிழ்ந்து கொட்டியது. அன்றைக்கு மயிலம்மாள் விலாவைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அதன்பிறகுதான் ஆணி வாங்கினார். நாள் ஏன் இழுக்கிறது என்று அவள் கேட்டபோது, பாதியில் நின்ற ஸ்ரீரங்கத்து மொட்டைக் கோபுரத்தைக் காட்டி, ரெங்கநாதருக்கே இன்னும் முடியல, எனக்கு மட்டும் என்ன அவசரம் என்றார்.

"ரெங்கநாதர் மாடு பனியில நிக்கல" என்றாள் அவள்.

நேற்றும் கூரைமேல்தான் இருந்தார். மணப்பாறையிலிருந்து வந்து ஒரு வாரமாகக் கூட இருந்த மச்சினி ராக்கம்மாள், ஏணிக்குக் கீழே வந்து நின்று, இறங்கி வாங்க மாமா என்றாள். இந்த ஒரு ஆணி என்றார் அவர். அடித்து முடித்துவிட்டுத்தான் இறங்கினார்.

அந்த ஒரு ஆணிதான் ராத்திரி முழுக்க அவரைத் தூங்கவிடவில்லை. அவள் கூப்பிட்டாளா? மச்சான் தர்மராஜிடம் கேட்டார். அவளுக்கு ஏது நெனப்பு மாப்ள என்று தோளில் தட்டிவிட்டு அவர் ஐஸ் வாங்கப் போய்விட்டார். வீரமலை, பூ உதிர்ந்த மாதிரி நல்ல சாவு என்றான். ராக்கம்மாளிடம் இரண்டு தடவை கேட்டார். முதல் தடவை, காபி குடிங்க மாமா என்றாள். இரண்டாம் தடவை காபியை ஆற்றியே கொண்டுவந்து வைத்தாள்.

பிள்ளையில்லாத வீடு. வாய்க்கரிசி போடுவதிலிருந்து கொள்ளி வரை எல்லாம் அவர்தான். அரிசியை இரண்டு கையாலும் அள்ளியபோது இடது கை கோணலாகப் போனது. நேற்று சுத்தியல் தப்பி அந்தக் கட்டைவிரலில் விழுந்திருந்தது. விரலை மடக்க முடியவில்லை. இரண்டு மூங்கிலும் மயிலம்மாளைச் சுமந்துகொண்டு கொள்ளிடக்கரைக்குப் போயின. சற்று முன்பு வரை கூரையைச் சுமந்தவை. கனம் குறைந்துதான் இருக்கும் என்று அவருக்குத் தோன்றியது.

ஆற்றில் முழுகிவிட்டுத் திரும்பியதும் வீரமலை யாரும் கேட்காமலே ஆட்களோடு கொல்லைக்குப் போய்க் கூரையை நிமிர்த்திச் சவுக்குக் கட்டையை முட்டுக் கொடுத்தான். இனி இந்தச் சங்கடமெல்லாம் எதுக்கு, மாட்டை மணப்பாறைச் சந்தைக்கு ஓட்டிடலாம் மாப்ள என்றார் தர்மராஜ். ரெங்கராஜ் ஏணியை எடுத்தார். உச்சியில் கீற்று விலகியிருந்தது. மாசிப் பனி இறங்க இன்னும் ஒரு மணி நேரம் இருந்தது.

ராக்கம்மாள் வந்து ஏணியைப் பிடித்துக்கொண்டாள். அவர் மூன்று படி ஏறி நின்றார்.

"ராக்கு, அவ கூப்பிட்டாளா?"

"எத்தனை தடவை கேப்பீங்க?"

"நீ ஒரு தடவையும் சொல்லலியே."

அவள் ஏணியை இன்னும் கொஞ்சம் தரையோடு அழுத்தினாள்.

"கூப்பிட்டா. ஏங்கன்னு, ஒரு தடவை. நீங்க ஆணி அடிச்சிட்டிருந்தீங்க, கேக்கல. நான் வந்து சொல்லலாம்னு எந்திரிச்சேன். கையப் புடிச்சுக்கிட்டா. ஏறினவர எறக்காதடி, எறங்கினா மறுபடி ஏற ஒரு மாசம் ஆக்குவாருன்னா."

அவர் விலகிய கீற்றை அண்ணாந்து பார்த்தார்.

"அப்புறம் நீங்க அடிக்கிறதையே கேட்டுக்கிட்டுக் கெடந்தா. நடுவுல விரல்ல போட்டுக்கிட்டு ஐயோன்னீங்களே, அப்ப சிரிச்சா. அவ்வளவுதான், மாமா. நான் ஒண்ணையும் மறைக்கல."

ஏணியைப் பற்றியிருந்த அவர் இடது கையில் கட்டைவிரல் நகம் நாவற்பழமாகக் கறுத்திருந்தது. அதைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு நாலாவது படியில் கால் வைத்தார்.