மூன்று முறை அலசியது

அந்த மருத்துவமனையில் அறுவைக் கருவிகளைக் கழுவுகிறவளுக்கு எல்லோரும் வைத்த பெயர் சுத்தக்கா. அவள் கழுவி வைத்த தட்டைப் பார்த்து, "இதுல முகம் பார்த்துப் பவுடர் போட்டுக்கலாம் போலிருக்கே" என்று தியேட்டர் நர்ஸ் ஒருத்தி கிண்டலடிக்கப்போய் ஒட்டிக்கொண்ட பெயர் அது. பதினெட்டு வருடமாக அவள் கை படாமல் எந்தக் கருவியும் அந்தத் தியேட்டருக்குள் போனதில்லை.

அதனால்தான் தங்கைக்குச் சினைப்பையில் கட்டி என்று தெரிந்ததும், "வேற எங்கயும் அலையாதே. எங்க ஆஸ்பத்திரிக்கே வந்துடு. உனக்கு வேண்டியத நானே கழுவித் தர்றேன்" என்றாள். தங்கைக்கு முப்பத்தொன்பது வயது. கல்யாணமாகிப் பதினோரு வருடம், குழந்தை இல்லை. கட்டியை எடுத்த ஒரு வருடத்துக்குள் கரு தங்க நல்ல வாய்ப்பு இருக்கிறது, அதற்குமேல் தள்ளிப்போனால் நான் எதுவும் சொல்வதற்கில்லை என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

தங்கைக்குச் செய்யவிருந்த, லேப்ராஸ்கோபி என்கிற சாவித் துவார அறுவை ஒரு அழகான வேலை. வயிற்றைக் கிழிப்பதில்லை. தொப்புளில் ஒன்று, அடிவயிற்றில் இரண்டு என்று சட்டைப் பொத்தான் அளவுக்குத் துளைகள். வாயுவை நிரப்பி வயிற்றைக் கூடாரம்போல் தூக்கிவிட்டு, ஒரு துளையில் கேமராக் குழாயையும் மற்றவற்றில் முழ நீள இடுக்கிகளையும் விட்டு, திரையைப் பார்த்தபடியே டாக்டர் காரியத்தை முடித்துவிடுவார்.

ஆனால் அந்தக் கருவிகளைச் சுத்தம் செய்வது லேசுப்பட்டதல்ல. சாதாரணக் கத்தி, கத்தரிக்கோல் என்றால் பெரிய பிரஷர் குக்கர் போன்ற இயந்திரத்தில் நீராவியில் அவித்துவிடலாம். அங்கே இருந்த கேமராக் குழாயும் மேலுறை போட்ட இடுக்கிகளும் அந்தச் சூட்டைத் தாங்காது. பாகம் பாகமாகக் கழற்றி, உள்ளே பிரஷ் விட்டுத் தேய்த்து, கிருமியைக் கொல்லும் கரைசலில் மணிக்கணக்கில் ஊறப்போட வேண்டும். அந்தக் கரைசல் மூக்கில் ஏறும், தோலில் பட்டால் எரியும். ஆகவே கடைசியில் அலச வேண்டும். அலசும் தண்ணீரிலும் ஒரு கிருமிகூட இருக்கக் கூடாது என்பதால் அதையும் முன்பே அவித்து, மூடிய ஜாடியில் அனுப்புவார்கள். ஒரு நோயாளியின் கருவிகளுக்கு ஒரு ஜாடி.

தங்கையின் முறை வந்த அன்று சுத்தக்கா கருவிகளை வழக்கத்தைவிட இரண்டு மடங்கு நேரம் ஊறவைத்தாள். ஜாடித் தண்ணீரில் அலசினாள். முகர்ந்து பார்த்தாள். மருந்து வாசனை இன்னும் இருப்பதுபோல் தோன்றியது. புது சோப்புப் போட்டாலே தங்கைக்கு உடம்பெல்லாம் தடித்துவிடும். இன்னொரு ஜாடி வர அரை மணி நேரமாகும் என்றார்கள். தியேட்டரில் தங்கை ஏற்கெனவே மயக்கத்தில் கிடந்தாள். சுத்தக்கா குழாயைத் திறந்தாள். தண்ணீர் கண்ணாடி மாதிரி தெளிவாக வந்தது. அதில் மேலும் இரண்டு முறை அலசினாள். வாசனை போயே போய்விட்டது. மனசு நிறைந்து கருவிகளை அனுப்பிவைத்தாள்.

துளைகள் ஒரே வாரத்தில் மூடிக்கொண்டன. ஐந்தாவது வாரம் தொப்புள் ஓரமாக ஒரு வீக்கம். அது சிவந்தது, உடைந்தது, நீராகக் கசிந்தது. வழக்கமான மாத்திரைகள் எதற்கும் அது மசியவில்லை. மறுபடி திறந்து சுத்தம் செய்து, சதையில் ஒரு துணுக்கைப் பரிசோதனைக்கு அனுப்பினார்கள்.

முடிவு வந்த அன்று, தொற்றுத் தடுப்பைக் கவனிக்கும் நர்ஸ் கருவி அறைக்கே வந்தாள்.

"தண்ணிக் குழாய்ல குடியிருக்கிற கிருமியாம் சுத்தக்கா. குளிச்சா, குடிச்சா ஒண்ணும் பண்ணாது. வயித்துக்குள்ள ஏத்திவிட்டா மாசக்கணக்குல பதுங்கிக் கிடந்து தொல்லை குடுக்கும். அன்னைக்கு ஆபரேஷன் பண்ணின மத்த நாலு பேரும் நல்லாத்தான் இருக்காங்க. உங்க தங்கச்சிக்கு மட்டும்தான்."

சுத்தக்கா கையுறையைக் கழற்றினாள். நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னாள். நர்ஸின் பேனா பாதியில் நின்றது.

"நான் இத எழுதித்தான் ஆகணும்க்கா" என்றாள். "உங்க தங்கச்சிகிட்ட தண்ணியால வந்ததுன்னு ஆஸ்பத்திரியே சொல்லிடும். யார் கையால வந்ததுன்னு சொல்ல மாட்டாங்க. அது உங்க இஷ்டம்."

குறைந்தது ஆறு மாதத்துக்கு மாத்திரையும் ஊசியும். அதுவரை கரு தரிக்கக் கூடாது. அந்த மருந்துகள் கருவுக்கு ஆகாது.

மதியந்தோறும் சுத்தக்காதான் தங்கை வீட்டுக்குப் போய்க் கட்டுப் போட்டுவந்தாள். இந்த மாதிரிப் புண்ணைத் தைத்து மூடக் கூடாது. மேல்தோல் முந்திக்கொண்டு மூடினால் கசிவு உள்ளேயே தங்கிக் குழியாகிவிடும். அடியிலிருந்து சதை வளர்ந்து மேலே வர வேண்டும். அதுவரை வாய் மூடாமலிருக்க மெல்லிய துணி நாடாவைத் தளர்வாக உள்ளே விட்டு வைப்பார்கள்.

"இன்னிக்கு எவ்வளவு உள்ள போகுது?" என்று தங்கை கேட்டாள்.

"அரை விரல்."

"நேத்தும் அதானே. சரியான சோம்பேறி வயிறு." கூரையைப் பார்த்தபடி சிரித்தாள். "தெனமும் ஆள் வந்து என் வயித்தப் பாத்துட்டுப் போகணும்னு ஆசப்பட்டேன். இப்படிப் பாக்கணும்னு நினைக்கல."

சுத்தக்காவின் கையில் நாடா பாதி உள்ளே, பாதி வெளியே இருந்தது.

"இது என் கையால வந்ததுடி" என்றாள். "உன் கருவியக் குழாய்த் தண்ணில அலசிட்டேன். மருந்து வாசனை போகலயேன்னு."

தங்கை தலையைத் தூக்கி அவளைப் பார்த்தாள்.

"மத்தவங்களுக்கு எப்படி?"

"ஜாடித் தண்ணி. ஒரு தடவ."

"எனக்கு?"

"அதுக்கு மேல ரெண்டு தடவ."

"எல்லாருக்கும் செய்யறத எனக்கும் செஞ்சிருந்தா போதுமேக்கா." குரல் உயரவில்லை. முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டாள். "உள்ள விட்டத முடிச்சிட்டுப் போ."

சுத்தக்கா முடித்தாள். மேலே பஞ்சை வைத்து நான்கு பக்கமும் ஒட்டினாள். ஒரு மூலை சுருங்கிவிட்டது. அதை எடுத்துவிட்டு மறுபடி ஒட்டினாள். தங்கை திரும்பிப் பார்க்கவே இல்லை.

மறுநாள் மாடிப்படி ஏறிப்போனபோது தங்கை கணவர் வாசலிலேயே நின்றிருந்தார். கதவை முதுகுக்குப் பின்னால் மெல்லச் சாத்தினார்.

"அண்ணி, தப்பா எடுத்துக்காதீங்க. இனிமே பக்கத்துத் தெரு நர்ஸ் வந்து போடுவாங்க. அவ அப்படித்தான் வேணும்ங்கறா."

"சரிங்க மாப்பிள்ள. நாடாவ அழுத்தித் திணிக்க வேண்டாம்னு சொல்லுங்க. அடைச்சா கசிவு வெளிய வராது. தளர்வா வச்சா போதும்."

"சொல்றேன்."

"எடுக்கறப்ப காஞ்சு ஒட்டியிருந்தா பிச்சு இழுக்க வேண்டாம். முதல்ல நனைக்கணும். அவளுக்கு வலி தாங்காது."

அவர் தலையை ஆட்டினார். நாடாவும் பஞ்சும் போட்டு அவள் நீட்டிய பையை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். உள்ளேயிருந்து தங்கையின் குரல் கேட்டது.

"யாருங்க அது?"

அவர் சுத்தக்காவை ஒரு கணம் பார்த்தார்.

"யாரோ வீடு மாறி வந்துட்டாங்க" என்றார்.

அவள் சத்தம் வராமல் படியிறங்கினாள்.