இக்வோவின் எடை போன இடம்

"பிடிங்கடி! மேல போறா!" என்று மீன்காரி அரித் கத்தியபோது, இக்வோவின் கால்கள் தரையை விட்டு ஒரு முழம் கிளம்பியிருந்தன. அன்று கலபார் சந்தையில் காற்று அதிகம். இறால் விலையும் அதிகம். பெண்கள் அவளை இழுத்து வள்ளிக்கிழங்கு மூட்டையோடு கட்டினார்கள். மூட்டையும் சேர்ந்து கிளம்பியது.

எல்லாம் அந்த ஊசியால் வந்தது. முட்டி தேய்ந்து, சர்க்கரையும் ஏறிவிட்டதால், வாரத்துக்கு ஒன்று போட்டுக்கொள்ள டாக்டர் எழுதிக் கொடுத்தார். பசி மட்டுப்படும், எடை மெல்லத்தான் இறங்கும் என்றார். இக்வோவுக்கோ அவசரம். மகள் மயேனை, ஊர் வழக்கப்படி, கல்யாணத்துக்கு முன் பெண்ணைக் கொழுக்கவைக்கும் அறையில் உட்கார்த்தியாயிற்று. அவள் வெளியே வரும் நாளில் தாய் முன்னால் ஆடி வர வேண்டும். இந்த முட்டியோடு ஆட முடியாது. இளைத்துப்போய் ஆடினாலோ, "புருஷன் சோறு போடலை போல" என்று ஊர் அவள் புருஷன் எஃபியோமைக் கிழித்துவிடும். அதனால் முதல் ஊசி குத்தும்போதே, எடை போகட்டும், உடம்பு இருக்கட்டும் என்று வேண்டிக்கொண்டாள்.

மருந்து அப்படியே கேட்டது. இடுப்பும் கன்னமும் இருந்தபடி இருக்க, தராசு முள் மட்டும் வாரந்தோறும் இறங்கியது. மகளுக்குக் கிழங்கை இடித்து உருட்டி உருட்டி ஊட்டினாள். தனக்கு இரண்டு வாய் போதும். முட்டிவலி பறந்தது. மழைக்காலம் முடியுமுன் முள் பூஜ்யத்தில் நின்றது. டாக்டர் தராசைத் தட்டிப் பார்த்துவிட்டு ஊசியை நிறுத்தினார். "போன எடை எங்கயாவது போயிருக்கணுமேம்மா?" என்றார். அதே பருவத்தில், மூங்கில் குச்சி மாதிரி இருக்கும் எஃபியோம் இரண்டு நாற்காலிகளை உடைத்தான். படகுக்காரன் அவனை ஏற்ற மறுத்தான். நாற்காலி செய்த ஆசாரியும் சரியில்லை, படகும் சரியில்லை என்று எஃபியோம் சொல்லிவிட்டான்.

கல்யாணத்தன்று மேளம் கிளம்பியதும் இக்வோவும் கிளம்பினாள். நாலைந்து பெண்கள் தொங்கியும் அவள் இறங்கவில்லை. பந்தல் கூரை தலையில் இடித்தது. மயேன் அழுதாள். எஃபியோம் வந்து ஒரு கையைப் பிடித்தான். இக்வோவின் பாதம் மண்ணைத் தொட்டது. ஆடினாள், ஊரே வாய் பிளக்க ஆடினாள். பாதி ஆட்டத்தில்தான் கவனித்தாள்: புருஷனின் கால்கள் கணுக்கால்வரை மண்ணில் புதைந்திருந்தன.

"மெதுவா ஆடு புள்ளே, முட்டி வலிக்குது."

"உனக்கு ஏன்யா முட்டி வலிக்குது?"

"முதல் ஊசி குத்தறப்போ நீ மட்டுமா வேண்டிக்கிட்டே? இவ சுமையெல்லாம் எனக்கு வரட்டும்னு நானும் வேண்டிக்கிட்டேன்."

"கிறுக்குப் புடிச்ச மனுஷா" என்றாள் இக்வோ, கையை இன்னும் இறுக்கி. "நாளைக்கே டாக்டர்கிட்ட வா. இனி ஊசி உனக்குத்தான்."