அறுந்ததும் அறுத்ததும்

கார் ஓடும்போது ஒரு குறையும் இல்லை. நிற்கும் இடங்களில்தான் அணைந்தது. சிவப்பு விளக்கில் காலை எடுத்தால் இருமுறை உதறும், அடங்கிவிடும், பின்னால் ஹாரன்கள் கிளம்பும். கறிக்கடைக்காரனால் அந்த ஒலியைப் பொறுக்க முடியவில்லை. பட்டறைக்கு வரும் வழியில் ஹாரன் அடித்த ஒருவனை இறங்கிச் சென்று வாயில் குத்திவிட்டு வந்திருந்தான். அவனுடைய புறங்கையில் அந்த மனிதனின் பல் பதிந்த காயம் இன்னும் கசிந்துகொண்டிருந்தது.

பக்கத்து இருக்கையில் அவனுடைய மனைவி உட்கார்ந்திருந்தாள். இடக்கண் வீங்கி மூடியிருந்தது. பட்டறைக்காரன் அவளுடைய தம்பி.

"என்னக்கா கண்ணுல?"

"கதவு இடிச்சிடுச்சு," என்று அவளுக்குப் பதிலாகக் கறிக்கடைக்காரன் சொன்னான். "உங்க வீட்டுப் பொண்ணு எங்க பாத்து நடக்குது? நீ வண்டியப் பாரு மச்சான். ஸ்லோல நிக்க மாட்டேங்குது. போன வாரம் வரைக்கும் குதிரை மாதிரி இருந்துச்சு. எவனாவது கை வெச்சான்னு தெரிஞ்சுது, மணிக்கட்டோட எடுத்துடுவேன்."

அது வாய்ப்பேச்சு அன்று. கடையில் வேலை செய்த ஒருவனின் கட்டைவிரலை வெட்டுமரத்தில் வைத்துத் துண்டித்தவன் அவன். கை தவறிவிட்டதென்று அந்த ஆளையே சொல்லவும் வைத்தான்.

தம்பி பானட்டைத் திறந்தான். சொல்லும்போது ஆக்ஸிலேட்டரை மிதிக்க ஓர் ஆள் வேண்டும் என்பதால் அக்காளை ஓட்டுநர் இருக்கைக்கு மாறி உட்காரச் சொன்னான். திருமணத்துக்கு முன் இதே பட்டறையில் கார் ஓட்டப் பழகியவள் அவள். காலை எடுத்தாலும் இஞ்சினை ஓடவைக்கும் ஸ்லோ திருகைச் சற்று ஏற்றினான், உதறல் தீரவில்லை. பிளக்குகளைக் கழற்றிப் பார்த்தான். நிறம் சரியாக இருந்தது. கார்புரேட்டரின் ஜெட்டை ஊதித் துடைத்துப் பூட்டினான். வண்டி மறுபடியும் அணைந்தது. அணைந்தபோதெல்லாம் கறிக்கடைக்காரன் டயரை உதைத்துக்கொண்டிருந்தான். இம்முறை டயரை விட்டுத் தம்பியின் இடுப்பில் உதைத்தான்.

"உங்கப்பன் ஒனக்குத் திருப்புளி பிடிக்கக் கத்துக்குடுத்தானா, முதுகு சொறியக் கத்துக்குடுத்தானா?"

"கொஞ்சம் சும்மா இருங்க அத்தான். சத்தம் கேக்கணும்."

அந்நேரம் கடையிலிருந்து கைப்பேசி அழைப்பு வந்தது. எவனையோ திட்டியபடியே கறிக்கடைக்காரன் வாசலுக்குப் போனான். தம்பி காதைத் தாழ்த்தினான். கார்புரேட்டருக்குக் கீழே உஸ்ஸென்று காற்று இழுக்கும் ஒலி. கையை நுழைத்துத் தடவினான். ரப்பர் ஹோஸ் ஒன்றில் பிளவு இருந்தது. அதன்மீது விரலை அழுத்தியதும் இஞ்சின் உதறலை விட்டுச் சீராக ஓடியது. விளக்கை அடித்துப் பார்த்தான். நேரான, புதிய வெட்டு.

அவன் ஜன்னலருகே போய்க் குரலைத் தாழ்த்தினான்.

"அக்கா, இத யாரு வெட்டினது?"

"நான்தான்." அவள் முன்னால் பார்த்தபடியே சொன்னாள். "நீதானே யார்கிட்டயோ ஃபோன்ல சொன்னே, அந்த ஹோஸ் போச்சுன்னா வண்டி நிக்காதுன்னு. நிக்காம எங்கயாவது லாரியில போய் மோதட்டும்னு அறுத்தேன்."

தம்பிக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை.

"ஐயோ, நிக்காதுன்னா ஸ்லோல நிக்காதுக்கா! அணைஞ்சு போயிடும். அதுக்கும் பிரேக்குக்கும் சம்பந்தமே இல்ல."

"அத முழுசாச் சொல்லித் தொலைக்க வேண்டியதுதானே? நானும் தெனம் வாசலப் பாத்துட்டே இருக்கேன், முழுசா வந்து எறங்குறான்."

"சரி, வாயத் தொறக்காதே. பழைய ரப்பர்னு சொல்லி டேப் சுத்திடறேன். அவனுக்குத் தெரிஞ்சா ஒன்ன உயிரோட விட மாட்டான்."

அவன் திரும்பி வந்து ஹோஸின்மீது இடக்கை விரலை அழுத்திய கணத்தில் கறிக்கடைக்காரனும் உள்ளே வந்தான்.

"என்னடா, இப்ப நல்லா ஓடுது?"

"ரப்பர் பழசு அத்தான். ஹோஸ் அறுந்து போச்சு."

"விரல எடு."

"டேப் சுத்திட்டு அப்புறம்..."

கறிக்கடைக்காரன் அவன் பிடரியைப் பிடித்து அழுத்தி, தானும் குனிந்தான். விரல் விலகியது, இஞ்சின் உதறியது. கிழிந்த ஓரம் எது, கத்தி இறங்கிய ஓரம் எது என்பதைக் கண்டறிய அவனுக்கு விளக்குகூடத் தேவையில்லை.

"அறுந்திருந்தா பிசிறு இருக்கும். இது அறுந்தது இல்லடா, அறுத்தது. நம்ம வீட்டுக் கத்தி. அதோட முனையில ஒரு பல்லு போயிருக்கும். இந்தா, அது கிழிச்ச கோடு."

"நான்தான் அறுத்தேன்," என்றான் தம்பி.

"ஒன் பொய்க்கு அப்புறமா வரேன்."

தம்பியின் இடக்கை உள்ளே இருக்கும்போதே கறிக்கடைக்காரன் பானட்டை அறைந்து மூடினான். மூடியதன்மீது முழு உடலையும் சாய்த்தான். எலும்பு முறியும் ஒலி கேட்டது. பிறகு தரையில் கிடந்த வீல் ஸ்பேனரை எடுத்துக்கொண்டு ஓட்டுநர் பக்கக் கதவை நோக்கிப் போனான். அக்காள் கதவை உள்ளிருந்து பூட்டிவிட்டாள். முதல் அடியிலேயே கண்ணாடி நொறுங்கி அவள் மடியில் கொட்டியது. அவன் கையை உள்ளே விட்டு, அவளுடைய முடியைச் சுருட்டிப் பிடித்து, தலையைக் கதவுச் சட்டத்தில் மோதினான், மீண்டும் மோதினான். இஞ்சின் அணையும் தறுவாயில் இருந்தது.

தம்பி பானட்டை உயர்த்திக் கையை உருவினான். இரண்டு விரல்கள் தொங்கின.

"மிதிக்கா! ரிவர்ஸ்ல போட்டு மிதி! எங்கயும் காலை மட்டும் எடுத்துடாதே!"

பின்னாலிருந்து பாய்ந்து, கறிக்கடைக்காரனின் கழுத்தை முழங்கையால் வளைத்துப் பற்களைக் காதில் இறக்கினான். இஞ்சின் அலறியது. கார் பின்னோக்கிப் பாய்ந்தபோது அவள் முடியில் ஒரு கொத்து கறிக்கடைக்காரனின் கையோடு பிய்ந்து வந்தது. முன்சக்கரத்தின் மேல்தகடு இருவரையும் அடித்துத் தள்ளியது. கார் தெருவில் இறங்கி வளைந்து முன்னால் பாய்ந்தது.

கறிக்கடைக்காரன் எழுந்தான். வாசலில் தம்பியின் ஸ்கூட்டர் சாவியோடு நின்றது. அதை நோக்கி ஓரடி வைப்பதற்குள் தம்பி அவன் கணுக்கால்களைக் கட்டிக்கொண்டான்.

"விடுடா! செத்துடுவே!"

ஸ்பேனர் தோளில் இறங்கியது, அடுத்து விலாவில். தம்பி கன்னத்தைத் தரையில் பதித்துக் காரின் ஒலியை மட்டும் கேட்டுக்கொண்டிருந்தான். தெருமுனைத் திருப்பத்தில் அது தாழ்ந்தது, உதறியது, அணைந்துவிடும்போலிருந்தது, பிறகு உறுமிக்கொண்டு ஏறியது. வாயில் நிரம்பிய குருதியோடு பல்லொன்றையும் துப்பிவிட்டு அவன் பிடியை இறுக்கினான். பெருஞ்சாலையின் இரைச்சலுக்குள் அந்த ஒலி கலந்து, பிரித்தறிய முடியாமல் போன பின்னரே கைகளைத் தளர்த்தினான்.

அதற்குப் பிறகு விழுந்த அடிகளை அவன் தடுக்க முயலவில்லை.